கண்ணாடிக்கு வெளியே நிற்கும் ஆள்

மெய்நிகர் தோற்றம் என்று தமிழில் சொல்லப்படும் வி.ஆர். கருவியைப் பெரிய கடைகளிலும் கண்காட்சிகளிலும் பார்த்தவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருப்பார்கள். இரண்டு கண்களையும் முழுதாக மூடும் ஒரு பெட்டி. உள்ளே கண்ணுக்கொரு லென்ஸ், அதன் பின்னால் சிறு திரை. தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்பத் திரும்பும். அதனால் திரையில் ஒன்றைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் போய், அந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று மூளை நம்பத் தொடங்கிவிடும். இந்த நம்பிக்கையை வைத்து வலியைத் தணிக்கலாம், பயத்தைக் குறைக்கலாம், பார்வைக் குறையைக் கண்டுபிடிக்கலாம் என்று மருத்துவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டி வருகிறார்கள். கருவியின் விலையும் இறங்கிவிட்டது. தேனி போன்ற ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைகளுக்கும் அது வரத்தான் போகிறது. வரும்போது அதற்குள் ஓடும் செயலி எப்படி இருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி. நோயாளிக்கு அதை எளிதாக்குவது என்றால், அவர் செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து எடுத்து, பக்கத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒப்படைப்பது என்பது என் வாதம். அந்த ஆள் இல்லாத இடத்தில் எத்தனை அழகான செயலியும் நோயாளிக்குப் பாரம்தான்.

முதலில் வலியை எடுத்துக்கொள்வோம். தீக்காயம் பட்டவருக்கு விபத்து நடந்த நாளோடு வேதனை முடிவதில்லை. வாரக்கணக்கில் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, இறந்த தோலை எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். வலி மருந்து கொடுத்தாலும் அந்த நேரத்தின் வலி முழுதாக அடங்காது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பாட்டர்சனும் 1990-களில் இதற்கு ஒரு வழி தேடினார்கள். கட்டு மாற்றும்போது நோயாளியின் கவனத்தை முழுதாக வேறொரு இடத்துக்கு இழுத்துவிட்டால், வலியைக் கவனிக்க மூளையில் மிஞ்சுவது குறையும் என்பது அவர்கள் கணிப்பு. அதற்காக அவர்கள் அமைத்த 'ஸ்னோவேர்ல்டு' என்ற பனி உலகத்தில் நோயாளி ஒரு பனிப் பள்ளத்தாக்கின் வழியே மெல்ல மிதந்து போவார். பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனி உருண்டைகளை எறிவார். தீக்காயம் பட்டவருக்குப் பனியும் குளிரும். 2000-இல் வெளியான அவர்களுடைய முதல் அறிக்கையில் சாதாரண வீடியோ விளையாட்டைவிட வி.ஆர். வலியைக் கூடுதலாகக் குறைத்தது தெரிந்தது. 2004-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் செயல்பாடே குறைந்திருந்தது.

அந்தப் பனி உலகத்தை வடிவமைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். நோயாளி வழி தேட வேண்டியதில்லை. பாதை முன்பே போடப்பட்டிருக்கிறது. வேகத்தை அவர் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். செய்யக் கூடிய காரியம் ஒன்றே ஒன்று: பார்த்து எறிவது. முகத்தில் காயம் பட்டவராலும், தண்ணீர்த் தொட்டியில் படுத்திருப்பவராலும் தலையில் சாதாரணக் கருவியை மாட்ட முடியாது என்பதால், பின்னாளில் ஒரு தாங்கியில் பொருத்திய கண்ணாடியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நோயாளியைக் கருவிக்கேற்ப வளைக்காமல் கருவியை அவரிடம் கொண்டுபோனார்கள். தேனி மாவட்டத்துக்குத் தீக்காயம் தொலைவான செய்தி இல்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் உடம்பில் எத்தனை முறை கட்டுகள் மாற்றப்பட்டிருக்கும் என்று நினைத்தால், இந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்பது விளங்கும். அடுப்பங்கரை விபத்திலும் பட்டாசு விபத்திலும் சிக்கியவர்கள் செய்தித்தாளில் வராமலே அதே வேதனையைப் படுகிறார்கள்.

வலிக்கான வி.ஆர். சிகிச்சை இன்று ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு வீட்டிலேயே பயன்படுத்தும் 'ஈஸ் வி.ஆர்.எக்ஸ்' என்ற கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி அளித்தது. எட்டு வாரம், நாளுக்கு ஒரு சிறு அமர்வு. 179 பேரிடம் நடந்த சோதனையில், அதைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆழ்ந்த அனுபவம் இல்லாத சாதாரணக் காட்சிகளை அதே மாதிரிக் கருவியில் பார்த்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும் அந்த அளவு குறைந்தது. பலன் உண்மைதான், ஆனால் அதில் ஒரு பங்கு, தனக்காக ஒதுக்கிய நேரமும் கவனிப்பும் தந்த பலன் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லாஸ் ஏஞ்சலீஸ் சிடார்ஸ்-சினாய் மருத்துவமனையிலிருந்து 2016-இல் வந்த ஓர் ஆய்வு. வார்டில் படுத்திருந்த 510 பேரைப் பரிசீலித்தார்கள். 423 பேர் பல காரணங்களால் தகுதி பெறவில்லை. மீதிப் பேரில் 57 பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் மாட்டிப் பார்த்தவர்கள் 30 பேர். சம்மதித்தவர்களின் சராசரி வயது 49. மறுத்தவர்களின் சராசரி வயது 60. மாட்டிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நல்ல அனுபவம் என்றே சொன்னார்கள். அப்படியானால் தடை கருவிக்குள் இல்லை. அதை மாட்டச் சம்மதிக்கும் இடத்தில் இருக்கிறது. பணமும் படிப்பும் நிறைந்த ஊரிலேயே இப்படி என்றால், உத்தமபாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் அறுபத்தைந்து வயது விவசாயத் தொழிலாளி என்ன சொல்வார்?

வலிச் சிகிச்சையில் செயலி சரியில்லை என்றால் பலன் குறையும், அவ்வளவுதான். கண் பரிசோதனையில் அது தவறான நோய்க் கணிப்பில் போய் முடியும். கிளாகோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் ஓரப் பார்வையிலிருந்து தொடங்கி ஓசையில்லாமல் பார்வையைத் தின்பது. அரவிந்த் கண் மருத்துவமனை தமிழகத்தின் மூன்று தென்மாவட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 5,150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. அதன் பொதுவான வகை கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தமக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. நோய் பார்வையை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அறியச் செய்வதுதான் 'ஃபீல்டு டெஸ்ட்'. வழக்கமான இயந்திரத்தில் இருட்டறையில் தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கிண்ணம் போன்ற வெள்ளைப் பரப்பின் நடுப்புள்ளியை மட்டும் பார்த்தபடி, எங்காவது ஒளிப்பொட்டு தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரம் பல லட்சம் ரூபாய். அதே சோதனையை வி.ஆர். கண்ணாடிக்குள் நடத்தினால் இருட்டறை வேண்டாம், தாடைத் தாங்கி வேண்டாம், ஒரு பையில் எடுத்துப் போகலாம். புதுச்சேரி அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து இப்படிப்பட்ட ஓர் இந்தியக் கருவியைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சென்னையில் உருவான 'அட்வான்ஸ்டு விஷன் அனலைசர்' என்ற கருவியை வழக்கமான இயந்திரத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது.

இந்தச் சோதனையைப் பற்றிக் கண் மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. முதன்முறை செய்பவரின் முடிவு பெரும்பாலும் இரண்டாம் முறையைவிட மோசமாக வரும். இடையில் கண் தேறியதால் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டதால். பொட்டு தெரிந்தும் அழுத்தத் தயங்கியவர், மங்கலாகத் தெரிந்தால் அழுத்தலாமா என்று யோசித்தவர், நடுப்புள்ளியை விட்டுவிட்டுப் பொட்டைத் தேடிப் போனவர், இவர்கள் எல்லோருடைய தாளிலும் கறுப்புத் திட்டுகள் விழும். கணினிக்குப் புரியாமையும் பார்வையின்மையும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆகவே புதியவருக்கு எளிதாக்குவதை அழகுக்காகக் கடைசியில் சேர்க்கும் வேலையாக எண்ணக் கூடாது. சோதனை சரியா தவறா என்பதே அதில் நிற்கிறது. ஒரு விளையாட்டுச் செயலி குழப்பினால் அதை மூடிவிட்டுப் போகலாம். இந்தச் செயலி குழப்பினால், இல்லாத நோய்க்கு ஒருவர் ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து போட வேண்டி வரலாம்.

இதற்கான விடையைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தேனியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், தன் கிளையை 1985-இல் தேனியில் நிறுவியது. 2004 முதல் சுற்றுவட்டாரத்தில் சிறு பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர்கள் எரிக் ப்ரூவரின் வழிகாட்டலில் வந்து, தொலைதூர வைஃபை கோபுரங்களால் போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி, பெரியகுளம் போன்ற ஊர்களின் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி தன் ஊரிலேயே இருந்தபடி தேனி மருத்துவரோடு வீடியோவில் பேசினார். இணைப்பை நடத்திப் பார்த்தபோது பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தின் தரக் குறைவால் வந்தவை என்று தெரிந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டன. அதற்கேற்ற மின் காப்புகளை அமைத்தார்கள், உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். இவ்வளவு நடந்தும் நோயாளி கணினியைத் தொடவே இல்லை. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அரவிந்த் பயிற்சி கொடுத்து உருவாக்கும் கண் பணியாளர் ஒருவர்தான் கண்ணைச் சோதித்தார், விவரத்தைப் பதிந்தார், கேமராவைத் திருப்பினார், மருத்துவர் சொன்னதை ஊர்ப் பேச்சில் விளக்கினார். அந்தத் தொலைமருத்துவம் நிலைத்ததற்கு வைஃபை ஒரு காரணம். அந்தப் பெண் அதைவிடப் பெரிய காரணம்.

வி.ஆர். செயலியை இந்த ஏற்பாட்டின்மேல் கட்டினால் அது எப்படி இருக்கும்? செயலிக்கு இரண்டு பக்கங்கள் இருக்கும். நோயாளி பார்க்கும் உலகம் ஒன்று. பணியாளரின் கைபேசியிலோ டேப்லெட்டிலோ தெரியும் பக்கம் மற்றொன்று. பதிவு, கடவுச்சொல், வைஃபை, புதுப்பிப்பு, மொழித் தேர்வு, எந்தக் கண் முதலில் என்பதெல்லாம் இரண்டாவது பக்கத்தில் முடிந்துவிட வேண்டும். நோயாளி மாட்டும்போது மெனு என்று ஒன்று கண்ணில் படவே கூடாது. கையில் இரண்டு ரிமோட்களைக் கொடுத்து, கண்ணை மூடிய நிலையில் எந்தப் பொத்தான் எங்கே என்று தடவச் செய்வது, கட்டுப்போட்ட கைக்கும் வாதம் வந்த கைக்கும் செய்யும் கொடுமை. பார்வையை ஒரு பொருள்மீது நிறுத்தினால் அதுவே தேர்வாகும் முறை உண்டு. ஆனால் சும்மா பார்த்ததையெல்லாம் தேர்வாக எடுத்துக்கொண்டால் அதுவும் குழப்பும். அதனால் அதையும் அளவோடுதான் வைக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் மொத்த அனுபவத்தையும் தீர்மானிப்பவை என்று நினைக்கிறேன். முதுகும் கைப்பிடியும் உள்ள, சுழலாத நாற்காலி. கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கருவியை முதலில் நோயாளியின் கையில் கொடுத்து, திருப்பிப் பார்க்கவிட வேண்டும். கூட வந்த மகளோ பேரனோ ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாது என்று சொன்னால், எந்த விளக்கப் படமும் அதற்கு ஈடாகாது. தலையில் மாட்டும் பட்டைகள் பெரும்பாலும் குட்டை முடியை நினைத்துச் செய்தவை. நம் பெண்களின் கொண்டை, பூ, எண்ணெய், மூக்குத்தி எதற்கும் அதில் இடமில்லை. பரவலாக விற்கும் கருவிகள் அரைக் கிலோ எடை. கழுத்துத் தேய்மானம் உள்ளவருக்குப் பத்து நிமிடமே அதிகம். ஒருவர் முகத்தில் பட்ட உறை துடைக்கப்படாமல் அடுத்தவர் முகத்துக்குப் போனால் மெட்ராஸ் ஐ பரவ அதுவே போதும். துடைத்தாயிற்று என்று பணியாளர் குறிக்காமல் அடுத்த நோயாளியின் சோதனை திறக்கவே கூடாது என்று செயலியை எழுதிவிடலாம். செலவில்லாத பாதுகாப்பு அது.

உள்ளே போனதும் முதல் பத்து விநாடி எதுவும் அசையக் கூடாது. தலைசுற்றலும் குமட்டலும் ஏன் வருகின்றன என்று தெரிந்தால் இதன் அவசியம் புரியும். உடம்பின் சமநிலையை உட்காது உணர்கிறது. கண் 'போய்க்கொண்டிருக்கிறோம்' என்றும், காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்றும் சொல்லும்போது மூளை திணறுகிறது. இடுப்பு வலிக் கருவியின் சோதனையிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் குமட்டல் வந்தது. ஆகவே தரை, தொடுவானம், தான் அமர்ந்த நாற்காலி மூன்றும் நிலையாகத் தெரிய வேண்டும். நோயாளியின் தலை மட்டுமே காட்சியைத் திருப்ப வேண்டும். சுருளி அருவியையோ கும்பக்கரையையோ கண் நிறையக் கொண்டுவந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் பார்வை முழுவதும் நீர் கீழே விழுந்துகொண்டிருந்தால், பார்ப்பவருக்குத் தாம் மேலே போவதுபோல் ஒரு மயக்கம் வரும். அருவி தூரத்தில், சிறியதாக இருக்கட்டும். எந்தக் காட்சி யாருக்கு இதம் என்பதிலும் யோசனை வேண்டும். மேகமலையின் பச்சை சுற்றுலாப் பயணிக்கு ஓய்வு. விடியும் முன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்ணுக்கு அதே பச்சை கூலி வேலை. அவருக்குக் கோயில் மண்டபமோ, முல்லைப் பெரியாற்று வாய்க்கால் ஓரமோ இதமாக இருக்கலாம். மாட்டுவதற்கு முன்பே பணியாளர் கேட்டுத் தேர்ந்துவிட வேண்டும்.

குரலை மறந்துவிடக் கூடாது. எழுத்தை அறவே நீக்கிவிட்டு, காதுக்குப் பழகிய பேச்சில், "அம்மா, நடுவுல இருக்கிற புள்ளியை மட்டும் பாருங்க, வேற எங்கேயாச்சும் வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க, மங்கலா தெரிஞ்சாலும் அழுத்தலாம், நிறைய பொட்டு யாருக்குமே தெரியாது, பயப்படாதீங்க" என்று சொன்னால் போதும். கடைசி வாக்கியம் மிகவும் முக்கியம். பல பொட்டுகள் தெரியாமல் போவது சோதனையின் இயல்பு என்று தெரியாதவர், தனக்குக் கண் போய்விட்டது என்று கலங்கி, அதற்குப் பிறகு தெரிவதையும் கோட்டை விடுகிறார். உண்மையான சோதனைக்கு முன் கணக்கில் சேராத ஒரு பழக்கச் சுற்று வைத்து, அதில் தடுமாறினால் பணியாளரின் திரைக்குத் தகவல் போய், அவர் நிறுத்தி விளக்கிய பின்பே தொடர வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு அந்நியர்கள் நடமாடும் இடத்தில் உட்கார்வது, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறிய விஷயம் இல்லை. முன்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது. அதனால் உறவினர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவதும், நோயாளி பார்ப்பது வெளியே இருப்பவருக்கும் திரையில் தெரிவதும் விதியாக வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்தம். காரணம் கேட்காமல் கழற்றிவிட வேண்டும். இக்கருவிகள் தலை அசைவையும், அவற்றில் சில கண் அசைவையும் பதிகின்றன. அந்தப் பதிவு மருத்துவக் கோப்பைத் தாண்டி எங்கும் போகக் கூடாது. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைக் கேட்கிறது. புரியாத படிவத்தில் வாங்கிய கைநாட்டைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

அடிப்படை வசதிகளே போதாத இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மருந்து, துணி, செவிலியர் ஆகியவற்றுக்கான பணத்தை எடுத்து வி.ஆர். கண்ணாடி வாங்கினால் அது தவறு, நானும் எதிர்ப்பேன். வலி மருந்துக்குப் பதிலாக இதை வைப்பதும் தவறு. தீக்காயக் கட்டு மாற்றும்போது நடந்த ஆய்வுகள் மருந்தோடு சேர்த்துத்தான் இதைக் கொடுத்தன. ஆனால் ஃபீல்டு டெஸ்டைப் பொறுத்தவரை கணக்கு வேறு. பல லட்ச ரூபாய் இயந்திரம் ஊர்ப் பார்வை மையத்துக்குப் போகவே முடியாத நிலையில், அதில் சிறு பங்கு விலையுள்ள கருவி, சந்தேகத்துக்குரியவரை இனம் கண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமானால், ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் மிச்சப்படுத்தும். இறுதி முடிவு பெரிய இயந்திரத்திலும் மருத்துவரிடமும்தான். இன்னொரு கேள்வி: கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினால் போதாதா? சின்ன வலிக்கும் ஊசி போடும் நேரத்துக்கும் அது போதும், அதையே செய்யலாம். தீக்காயக் கட்டு மாற்றும் வேதனைக்குப் போதாது என்பதையே சியாட்டில் ஆய்வு உணர்த்துகிறது.

கடினமான ஆட்சேபம் ஆள் பற்றியது. கட்டு மாற்றும் நர்ஸே வேலைப் பளுவில் இருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நிற்க ஆளை எங்கிருந்து கொண்டுவருவது? க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் கூடுதல் பணியிடம் இல்லாமல் இது நடக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலரும் இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவரின் வீட்டில் பயிற்சிக்காக ஒரு கருவி பயன்பட வேண்டுமென்றால், அவர்கள் கையில்தான் அது போக வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர், அண்மையில் தலையில் அடிபட்டவர், கடுமையான தலைசுற்றல் உள்ளவர் இதை மாட்டக் கூடாது என்று நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கவும் பயிற்சி பெற்ற கண்தான் வேண்டும். செயலியில் ஒரு டிக் அடிக்கச் சொல்வதால் அது நடக்காது.

சென்னையிலும் பெங்களூரிலும் இப்படிப்பட்ட செயலிகளை எழுதும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் மாதிரியை உங்கள் அலுவலகத்தில் சோதிக்காதீர்கள். சின்னமனூர் மாதிரி ஓர் ஊரின் பார்வை மையத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள பணியாளர்களிடம் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை எல்லாம் நீக்குங்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ முதன்முறை எடுத்த ஃபீல்டு டெஸ்ட், வி.ஆர். கருவியிலோ பழைய இயந்திரத்திலோ, மோசமாக வந்தால், சோதனை சரியாகப் புரிந்துதான் செய்யப்பட்டதா, மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்டு விடை வரும்வரை, கொடுத்த சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியும் கண்ணைக் காட்டாதவர்கள் இந்த மாதமே ஒரு முறை போய்க் காட்டிவிடுங்கள்.